விலை என்ன சிஸ்?

ஆன்லைன் வியாபாரத்துக்குப் பணம் தேவையில்லை, விடாமுயற்சி ஒன்றே போதும் என்று சொல்கிறவர்கள், அதைச் சொல்வதற்கே 999 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். ஜூமில் வகுப்பு, வாட்ஸ்அப்பில் சான்றிதழ். எங்கள் வீட்டில் அந்த வகுப்பைக் கேட்டவன் நான். மதுரையில் உட்கார்ந்துகொண்டு சுங்குடிப் புடவையை ஆன்லைனில் விற்கிறவள் என் மனைவி. அவள் கேட்கவில்லை. வகுப்பு நேரத்தில் அவளுக்குப் பார்சல் ஒட்டுகிற வேலை இருந்தது.

கேட்டதை வீணாக்கக் கூடாதே என்று அவளிடம் ஒப்பித்தேன். "பெசோஸ் 1995-ல அமேசான்ல புத்தகம் விக்க ஆரம்பிச்சார். ஒரு முழு வருஷக் கணக்குல லாபம்னு பார்த்தது 2003-லதான். அதுவரைக்கும் அசரலையே மனுஷன்!"

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடியே கேட்டாள்: "அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு யார் குடுத்தா?"

முதலீட்டாளர்கள் கொடுத்தார்கள், ஆரம்பத்தில் அவருடைய அப்பா அம்மாவே இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் டாலர் அளவுக்குப் போட்டார்கள் என்றேன்.

"எங்கப்பா ஒரு வெட் கிரைண்டர் போட்டார். அதுவும் ரிப்பேர்ல கிடக்கு."

அடுத்து ஏர்பிஎன்பி கதை. 2008 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் அதை ஆரம்பித்தவர்கள் கையில் காசில்லை. ஒபாமா பெயரிலும் மெக்கெய்ன் பெயரிலும் அட்டைப்பெட்டி அடித்து, பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலை அடைத்து, பெட்டி 40 டாலருக்கு விற்றுப் பிழைத்தார்கள். இதற்கு மட்டும் அவள் தலை நிமிர்ந்தது. "பெட்டியை அவங்களேதான் ஒட்டினாங்களா?" ஆமாம், பசை வைத்துக் கையாலேயே ஒட்டினார்கள் என்றேன். "அப்ப அவங்க தேறிடுவாங்க" என்று ஆசீர்வதித்துவிட்டு அடுத்த பார்சலை எடுத்தாள். அந்தக் கம்பெனி தேறி ரொம்ப நாளாகிவிட்டது என்பதை நான் சொல்லவில்லை.

அவள் விற்பது அசல் முடிச்சுச் சுங்குடி. பருத்திப் புடவையில் பொட்டுப் பொட்டாகத் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். எல்லாம் விரல் போடுவது. விரல் போட்டதென்றால் புள்ளி ஒன்றுபோல இருக்காது என்பதைச் சொல்லித்தான் விற்கிறோம். ஆனாலும் வாங்கிய ஒருவர், முந்தானையிலிருந்த ஒரே ஒரு புள்ளியைப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, 'டேமேஜ்' என்று அனுப்பினார். நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். அவள், முடிச்சுப் போடுகிற பாட்டியின் விரல்களை வீடியோ எடுத்து அனுப்பினாள். வட்டம் போட்டவர் அதற்கப்புறம் மூன்று புடவை வாங்கினார். கோணல் புள்ளி இருப்பதாகப் பார்த்துக் கேட்டு வாங்கினார்.

புள்ளியைச் சமாளித்துவிடலாம், நிறத்தோடு மல்லுக்கட்ட முடியாது. ஃபோன் கேமராவுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. படத்தில் வெள்ளை எது என்று அதுவாகவே ஊகித்து மற்ற நிறத்தையெல்லாம் அதற்கேற்ப மாற்றிவிடும். படம் முழுக்க அரக்கு நிறத்தை அடைத்துக் காட்டினால், குழம்பிப்போய் வெங்காயக் கலரைக் கொடுக்கும். டியூப்லைட்டில் ராமர் பச்சை, மாடி வெயிலில் கிளிப்பச்சை, வாங்குகிறவரின் ஃபோனில் மூன்றாவதாக ஒரு பச்சை. காஞ்சிபுரத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்யப்பட்டு அவர் பெயராலேயே நிலைத்த எம்.எஸ். ப்ளூ இருக்கிறதே, அது எங்கள் கேமராவில் ஒருநாளும் எம்.எஸ்.ஸாக வந்ததில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். புடவைக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்து, அதன் ஓரம் படத்தில் தெரியும்படி வைத்தால் கேமரா ஒழுங்குக்கு வருகிறது. அந்த வெள்ளைத் துணி என் வேட்டி. நல்லது கெட்டதுக்குப் போக வேட்டி கேட்டால், "ஷூட்டிங் முடியட்டும்" என்கிறாள்.

இந்த வியாபாரத்தில் எனக்கு வேறு ஒரு பங்கும் உண்டு. ரீல்ஸில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை என்னுடையது. முகம் வராது, விரல் மட்டும் வரும். கமெண்டில் ஒரு பெண், "புடவை சூப்பர், அந்த அண்ணன் நகம் வெட்டினா இன்னும் நல்லாருக்கும்" என்று எழுதியிருந்தாள். 112 லைக். புடவைக்கு 40.

வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும் முறையைக் கொஞ்ச நாள் வைத்திருந்தாள். மருமகள் ஆசையாக ஆர்டர் போடுவாள். பார்சல் போகிற நேரம் வாசலில் மாமனார் உட்கார்ந்திருப்பார். "எங்க வீட்ல யாரும் எதுவும் கேக்கலையேப்பா" என்பார். போன கூலி, வந்த கூலி இரண்டும் எங்கள் தலையில். மருமகள் ஃபோனில் அழுதபடி மன்னிப்புக் கேட்பாள். இவள் அவளுக்கு ஆறுதல் சொல்வாள். இப்படிப் பட்ட பிறகுதான், பணம் கட்டினால்தான் புக்கிங் என்று மாற்றினாள். கொரியரில் அரை கிலோவைத் தாண்டினால் ஒரு கிலோக் கணக்கு என்பதால், அழகாக அச்சடித்து வைத்திருந்த 'நன்றி, மீண்டும் வருக' அட்டையையும் நிறுத்திவிட்டாள். எனக்கு வருத்தம்தான். அந்த வாசகம் என்னுடையது.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை அம்மா ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை பூஜை முடிந்த கையோடு எம்.எஸ். ப்ளூ சுங்குடியின் படத்தை அனுப்பி, "விலை?" என்பார். "850 ரூபாய்மா, ஷிப்பிங் தனி" என்று இவள் பதில் போடுவாள். இரண்டு நீல டிக் விழும். அவ்வளவுதான், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே படம், அதே கேள்வி. ஆடித் தள்ளுபடி போனது, தீபாவளி போனது, பொங்கல் போனது. பிளாக் பண்ணித் தொலை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "பாவம், விலைதானே கேக்குறாங்க" என்பாள். 999 ரூபாய் வகுப்பில் இந்தப் பாடம் வரவில்லை. வாங்குகிறவருக்குப் பதில் சொல்ல விடாமுயற்சி எதற்கு? வாங்காதவருக்கு, போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் அலுப்புத் தட்டாமல் சொல்வதற்கல்லவா வேண்டும்!

ஒரு வெள்ளிக்கிழமை, கேள்வி வரவில்லை, பணம் வந்தது. பார்சலைப் பிரிக்கும்போது வெட்டு ஒட்டு இல்லாமல் வீடியோ எடுக்க வேண்டும் என்பது இவள் விதி. அந்த அம்மா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். சாமி படத்துக்கு முன்னால் பார்சலை வைத்துக் கும்பிடுவதிலிருந்து வீடியோ ஆரம்பித்தது. புடவையை ஜன்னலோரம், டியூப்லைட், மொட்டை மாடி என்று எல்லா வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "கலர் அப்படியேதான் இருக்கு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, அதே படம். "விலை?"

"வாங்கின புடவைக்கே விலை கேக்குறாங்கடி!" என்று கத்தினேன்.

"நான் வாங்கினப்புறம் குறைச்சிட்டாங்களான்னு பாக்குறாங்க. யாரா இருந்தாலும் பாக்கத்தான் செய்வாங்க" என்றாள். நூல் விலை ஏறியதில் அந்த வாரம்தான் நிஜமாகவே ஐம்பது ரூபாய் கூட்டியிருந்தாள். "இப்ப 900மா" என்று அடித்தாள்.

அந்தப் பக்கமிருந்து முதல் முறையாக ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. சாயங்காலம் புது நம்பரிலிருந்து ஒரு செய்தி. அந்த அம்மாவின் நாத்தனாராம். அதே எம்.எஸ். ப்ளூ படம், அடியில் "விலை?"