கன்வீனர் அண்ணா

ஏர்பேட்டிலிருந்து காளஹஸ்தி போகும் சாலையில் சிவராத்திரிக்குப் பந்தல் போடும் எந்தக் குழுவிலும் கன்வீனர் அண்ணா ஒருவர் இருப்பார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீள நோட்டு. அவர் குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. அஜெண்டா இல்லாமல் டீ குடித்தும் பார்த்ததில்லை.

இருபது நாளைக்கு முன்பே முதல் கூட்டம். பேனர் என்ன நிறம் என்பதற்கு ஒரு மணி நேரம், அதில் யார் யார் முகம் என்பதற்கு இரண்டு. "எதுக்கண்ணா இவ்ளோ பேச்சு? அயிபோதுந்தி, எல்லாம் ஆயிடும்" என்று அடுப்பு வேலைக்காரப் பையன் ஒருவன் வாய் திறந்தால் தீர்ந்தது. "பக்கத்துலயே ஐஐடி இருக்குடா. 2015-ல அடிக்கல் நாட்டினாங்க. நாம ப்ளான் இல்லாம பந்தல் போட்டா சிரிப்பாங்க!" ஐஐடிக்காரர்கள் சிரிப்பதற்கென்று வந்ததில்லை. வந்தால் மோர் குடித்துவிட்டுப் போவார்கள்.

கானி கெர்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எட்டுக் குழுக்களைப் பின்தொடர்ந்து பார்த்து 1988-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுக்கு ஏழு நாள் கெடு, இன்னொன்றுக்கு ஆறு மாதம். எதுவானாலும் முதல் கூட்டத்தில் பிடித்த பிடியைக் கெடுவில் பாதி கரையும்வரை விடவில்லை. பாதியில் திடுக்கிட்டு விழித்து, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழியில் ஓடத் தொடங்கின. அம்மையார் ஏர்பேட்டுக்கு வந்திருந்தால் ஒன்பதாவது குழுவும் கிடைத்திருக்கும்.

ஏனென்றால் இங்கேயும் பத்தாம் நாள்தான் பக்கத்து வீட்டு அவ்வா திண்ணையிலிருந்து கேட்பாள்: "ஏண்டா, சிவராத்திரிக்கு உபவாசம் இருக்கறவனுக்கா சாம்பார் சாதம் போடப் போறீங்க?"

மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்த சாம்பார் அது. காய்கறிக் கணக்குகூட எழுதியாகிவிட்டது. ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் பாருங்கள் வேகத்தை! ஒருவன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூட்டைக்கு ஓடுவான், ஒருவன் மோருக்குத் தயிர் சொல்லப் போவான், பேனர் எந்த நிறத்தில் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. "இதை நான் அன்னிக்கே சொன்னேன்" என்பார் கன்வீனர் அண்ணா, சாம்பாரை அடித்தபடி.

ஆனாலும் அவரை வெறும் வாய் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. சிவராத்திரி இரவில், குனிந்து கிழங்கு போடுகிறவனுக்கு எதிரே நீளும் கை மட்டும்தான் தெரியும். மோர் ஊற்றுகிறவனுக்கு டம்ளர்தான் உலகம். ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலிமேல் ஏறி நிற்கிற ஆளுக்குத்தான் ரேணிகுண்டா பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் பஸ்கள் கண்ணில் படும். "இன்னொரு அண்டா ஏத்துங்கடா!" என்று அவர் போடும் ஒரு சத்தம், இருபது நாள் பேச்சுக்கும் ஈடு. அது இல்லையென்றால் பாதி வரிசை வெறும் வயிற்றோடு திரும்பும். (உபவாசம்தான், இருந்தாலும்.)

அத்தோடு இறங்கிவிடலாம். இறங்கமாட்டார். மைக்கைப் பிடித்து, "கமிட்டி உறுப்பினர்கள் அனைவரும் உடனே பந்தலுக்குப் பின்னால் வரவும், அவசரக் கூட்டம்" என்பார். கரண்டியை யாரும் கீழே வைப்பதில்லை. அவர் மட்டும் போய் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து எழுதுவார்: தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.