நாலு பேரு சேந்து கடன் தாராவளாம்!

வாரும் மருமவனே, இப்படி உக்காரும். தோணி வாங்க நாலு பேரு சேந்து கடன் தாராவளாமே, உங்க அத்தை சொன்னா. ஊருல அவனவன் ஒரு பாங்கு வாசல்ல நடந்தே செருப்பு தேஞ்சு கெடக்கான். உம்ம வாசல்ல நாலு பேரு வந்து நிக்காவன்னா அது ஜாதகம் வே. குடுத்து வச்ச ஆளு.

இதே ஜாதகம் சீனத்து ராசாவுக்கும் இருந்துது. பேரு பூயி. 1909-ல வயசு 3. பிள்ளைக்கு நாட்டு விவரம் என்ன தெரியும்? அப்பா சுன் இளவரசருதான் எல்லாம் பாத்துக்கிட்டாரு. ஹாங்கோவுல இருந்து ரயில் போடணும்னு இங்கிலீசுக்காரன், பிரெஞ்சுக்காரன், ஜெர்மன்காரன் மூணு பேரும் கூடிப் பேசி, கடன் குடுக்க ஒருவழியா ஒத்துக்கிட்டாவ. அந்த நேரம் பாத்து அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் நேரா இளவரசருக்கே தந்தி அடிக்காரு, எங்க பணத்தையும் சேத்து வாங்கணும்னு! கடன் தாராம விடமாட்டேன்னு அடம்பிடிச்ச ஆளை நீரு பாத்திருக்கீரா?

அதுக்கப்புறம் ரெண்டு வருசம் பேச்சு. சீனாக்காரன்கூட பேசினது கொஞ்சம்தான். அவாளுக்குள்ள பேசினதுதான் சாஸ்தி. எந்தப் பாதைக்கு எந்த நாட்டு எஞ்சினியரு, சாமான் யாருகிட்ட வாங்கணும், யாருக்கு எத்தனை பங்கு, இதே வழக்குதான். 1911 மே 20-ல 60 லட்சம் பவுனுக்குக் கையெழுத்தாச்சு. அதுக்காவ, மாகாணத்துச் சனங்க பங்கு போட்டு வச்சிருந்த ரயில்பாதையைச் சர்க்காரு பிடுங்கிக்கிடுச்சு. சிச்சுவான்ல கலகம். அடக்க ஹூபேயில இருந்து பட்டாளம் போச்சு. அதனால ஹூபேயில காவல் கொறஞ்ச ஊச்சாங்ல அக்டோபர் 10-ல புரட்சித் துப்பாக்கி வெடிச்சிட்டு. அடுத்த பிப்ரவரியில, 6 வயசுல, பிள்ளைக்கு முடி இறக்கிட்டாவ.

ராசா போனா கடன் போவுமா? 1913-ல குடியரசுக்கு 2½ கோடி பவுன் கடன். இந்தத் தடவை ரஷ்யாவும் ஜப்பானும் பந்தியில வந்து உக்காந்தாச்சு. தந்தி அடிச்சு உள்ள வந்த அமெரிக்கா மட்டும் மார்ச்சுலயே நைசா கழண்டுக்கிட்டு. 100 பவுனுக்குப் பத்திரம் எழுதினா சீனா கைக்கு வந்தது 84. ஈடா எதை எழுதி வாங்கினான் தெரியுமா? உப்பு வரியை! வசூலை மேப்பாக்கப் போனவரு ரிச்சர்டு டேன். இந்தியாவுல உப்பு இலாகாவுக்குப் பெரிய அதிகாரியா இருந்தவரு. நம்ம சனத்தோட உப்புல வரி எடுத்துப் பழகின கை, அங்க மட்டும் பிசகுமா?

சீனா தூரந்தான்னு கொட்டாவி விடாதேயும். கொழும்பு உம்ம தோணி போற துறைதானே? 2022 ஏப்ரல் 12-ல வெளிநாட்டுக் கடனை இப்போ கட்ட முடியாதுன்னு இலங்கை கையை விரிச்சிட்டு. வேடிக்கை என்னன்னா, அன்னைக்குக் கடனாளியா நின்ன சீனா, இன்னைக்குக் குடுத்தவன் இடத்துல. இந்தியா, ஜப்பான், பிரான்சு தலைமையில 17 நாடு ஒரு பக்கம். சீனாவோட எக்சிம் பாங்கு தனி. நம்ம இந்தியா அந்த வருசம் 400 கோடி டாலர் வரைக்கும் கைகொடுத்துது, இல்லேங்கல. ஆனா மேசையில உக்காந்தா அதுவும் கடன் குடுத்தவன்தான். நீ எவ்வளவு விட்டுக்குடுக்கேன்னு அவன் இவன் முகத்தைப் பாக்கான், இவன் அவன் முகத்தைப் பாக்கான். கடைசியில 2024 ஜூன் 26-ல பாரிசுல 580 கோடி டாலருக்கு ஒரு கையெழுத்து. அதே நாள்ல பெய்ஜிங்ல சீன பாங்குகூட 420 கோடிக்கு இன்னொண்ணு. ஒரே நாள்ல ரெண்டு முகூர்த்தம்! முந்திப் போட்டவன் ஏமாளி ஆயிருவாம்லா?

இலங்கையோட அம்பாந்தோட்டைத் துறைமுகக் கதையையும் கேளும். 2017-ல 112 கோடி டாலருக்கு 99 வருசக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிகிட்ட குடுத்தாவ. துறைமுகம் கட்டின கடன் அதோட அடைஞ்சுதுன்னுதானே நீரும் நெனைச்சீரு? அந்தப் பணம் சர்க்காரு கையிருப்புக்குப் போச்சு. துறைமுகம் போச்சு, கடன் இருந்த இடத்துலயே இருந்துது.

முந்தி இங்க முத்துக்குளிக்கையில கடல்கட்டின்னு ஒருத்தரு கரையில நின்னு சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லுவாரு. அவருக்குக் கூலி சிப்பியில. வெள்ளைக்காரச் சர்க்காரும் அதை நிப்பாட்டல, ஏன்னா அவரு இல்லேன்னா எவனும் கடல்ல குதிக்க மாட்டான். கடன்காரன்கிட்ட பேச இலங்கையும் சும்மா போவல. லசார்டுன்னு ஒரு கம்பெனியைக் கூலிக்கு வச்சுக்கிட்டுதான் சுறாக்கள் நடுவுல இறங்குச்சு. உம்ம பக்கம் பேச யாரை வச்சிருக்கீரு? டீக்கடைச் சேக்காளியையா?

தென்மேற்குக் காத்துல தோணி கரையில கெடக்கும். வட்டி கெடக்காது. நாலு பேரும் ஒரே நாள்ல கையெழுத்துப் போடுதாவளான்னு கேளும். போடுதாவன்னா உள்ளுக்குள்ள ஏற்கனவே பங்கு பிரிச்சாச்சுன்னு அர்த்தம். எங்க, அந்தப் பத்திரத்தை இங்க காட்டும். மூக்குக்கண்ணாடி எங்க வச்சேன்... ஆங். என்னவே இது, தோணிக்கு ஈடுன்னு நம்ம உப்பளத்து சர்வே நம்பரு கெடக்கு? அது உங்க அத்தை பேருல இருக்கு மருமவனே. அவகிட்டக் கையெழுத்து வாங்க நாலு பேரும் சேந்தே வரட்டும். என்னைக்கு வாராவன்னு மட்டும் ரெண்டு நாள் முந்திச் சொல்லிரும், நான் திருச்செந்தூருக்குப் போயிருதேன்.