பாக்கியைக் கட்டு, தொகையைக் கேட்காதே

ஓட்டுரிமையைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது எப்படி என்று படிக்க ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குப் போகலாம். அடித்தளத்தை 1868-லேயே போட்டுவிட்டார்கள். அடிமைமுறை ஒழிந்து கறுப்பர்கள் கைக்கு வாக்குச்சீட்டு வந்த நேரம் அது. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு ஆயுளுக்கும் ஓட்டு கிடையாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்பதை முடிவு செய்கிறவர்களே யாருக்கு ஓட்டு என்பதையும் முடிவு செய்துவிட்டால் தேர்தல் வேலை பாதி குறையுமே!

ஓட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமா? ஆளுநர் முன்னால் போய்க் கும்பிட வேண்டும். (அங்கே ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்.) 2011-இல் அந்த நாற்காலிக்கு வந்த ரிக் ஸ்காட், தண்டனை முடிந்தும் ஐந்திலிருந்து ஏழு வருடம் காத்திருந்தால்தான் மனுவே போடலாம் என்றார். இதற்கெல்லாம் விதிமுறை ஏதும் கிடையாது, நாங்கள் நினைத்ததைச் செய்யலாம் என்று மனு விசாரணையிலேயே சொன்னவரும் அவர்தான். ஒளிவுமறைவற்ற நிர்வாகம்.

இந்தக் கும்பிடு வேண்டாம் என்று மக்களிடம் போனவர் டெஸ்மண்ட் மீட். சிறை, போதை, தெருவாசம் எல்லாம் பார்த்தவர். 2005-இல் மயாமியில் சாவதற்காக ரயில் பாதையோரம் நின்றார், ரயில் வரவில்லை. அங்கிருந்து நடந்துபோய் சிகிச்சையில் சேர்ந்தார், படித்தார், சட்டப் பட்டமும் வாங்கினார். 2016-இல் அவர் மனைவி மாநில சட்டசபைக்குப் போட்டியிட்டபோது, ஊரெல்லாம் ஓட்டுக் கேட்கலாம், புருஷன் மட்டும் ஓட்டுப் போட முடியாது. அவரோடு கைகோத்தவர் நீல் வோல்ஸ்: வெள்ளையர், குடியரசுக் கட்சிக்காரர், வாஷிங்டன் ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். இவர்களும் இன்னும் ஆயிரக்கணக்கானோரும் தெருத்தெருவாக அலைந்து ஏழரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்த்தார்கள்.

2018 நவம்பரில் வாக்கெடுப்பு. கொலை, பாலியல் குற்றம் நீங்கலாக, தண்டனையை முடித்தவர்களுக்கு ஓட்டு உண்டு என்று 64 சதவீதத்துக்கும் மேலானவர்கள் சொன்னார்கள். சுமார் 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது. அதே நாளில் ஆளுநராக ஜெயித்த ரான் டிசாண்டிஸுக்கு 50 சதவீதம்கூடத் தேறவில்லை. ஆனாலும் மக்கள் என்ன சொன்னார்கள் என்று மக்களுக்கே விளக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

2019 ஜூனில் அந்த விளக்கத்தைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். தண்டனை முடிவது என்றால் சிறை முடிந்தால் போதாது. அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாம் கட்டித் தீர்க்க வேண்டுமாம். அந்த மாநிலத்தில், எனக்கு வக்கீல் வைக்கக் காசில்லை, அரசு வக்கீல் கொடுங்கள் என்று விண்ணப்பிப்பதற்கே 50 டாலர் கட்டணம் விழுகிறது. ஏழை என்று சொல்லிக்கொள்ளவும் காசு வேண்டும்.

சரி, கட்டிவிடுகிறோம், எவ்வளவு பாக்கி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது! ஒரு பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவர்களும் 153 பேரின் கணக்கைத் தேடி அலைந்தார்கள். மூன்றே மூன்று பேருக்குத்தான் பதிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. எங்கள் பக்கத்துக் கந்துவட்டிக்காரர்கூட நோட்டுப் போட்டு எழுதிவைப்பார், ஐயா! பரிசீலனைக்குக் காத்திருந்தவை 85,000 வாக்காளர் பதிவுகள். அரசு போகிற வேகத்தில் 2026 வரையாவது இழுக்கும் என்று, இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கை விசாரித்த நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் கணக்குப் போட்டார். இது காசு கட்டினால்தான் ஓட்டு என்கிற ஏற்பாடு என்று 2020 மே மாதம் தீர்ப்பும் எழுதினார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு நாலு என்று அதைப் புரட்டிப்போட்டது. பாக்கி எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சொல்லும் கடமை அரசுக்கு இல்லையாம்.

மீட்டின் அமைப்பு அதற்கும் சளைக்காமல் நன்கொடை திரட்டி அபராதங்களைக் கட்டத் தொடங்கியது. கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 1.6 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தந்ததும் மாநில அட்டர்னி ஜெனரல் பதறிப்போய் எஃப்பிஐ விசாரிக்க வேண்டும் என்றார். கட்டாவிட்டால் ஓட்டில்லை, கட்டினால் விசாரணை.

2022 ஆகஸ்டில் டிசாண்டிஸ் சீருடைப் போலீசாரைச் சூழ நிறுத்திக்கொண்டு, சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 20 பேர் மீது வழக்கு என்று அறிவித்தார். கொலை, பாலியல் குற்றம் என்ற விலக்குக்குள் வருகிறவர்களாம். அப்படியானால் அவர்களுக்கு வாக்காளர் அட்டை கொடுத்தது யார்? அரசு அலுவலகம். டாம்பாவில் கைவிலங்கு மாட்டும்போது அவர்கள் கேட்டதும் அதைத்தான். போலீஸ்காரர்களின் சட்டைக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அட்டை கொடுத்ததைக் கேட்ட ஒரு போலீஸ்காரர், அதுவே உன் எதிர்வாதம் என்று யோசனை சொல்கிறார். குற்றம் நிரூபணமானால் ஐந்து வருடம் வரை சிறை. அட்டை கொடுத்த அலுவலகத்துக்கு?

2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பான புளோரிடாவாசி ஒருவர், நவம்பர் 5 அன்று பாம் பீச்சில் ஓட்டுப் போட்டார். வேறு மாநிலத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு அந்த மாநிலத்து விதிதான் பொருந்தும். நியூயார்க்கில் சிறைக்குள் இல்லாத எவரும் ஓட்டுப் போடலாம். அந்த விதி இடம் கொடுக்காவிட்டாலும் நான் உரிமையை மீட்டுத் தந்துவிடுவேன் என்று டிசாண்டிஸ் முன்பே அபயம் அளித்திருந்தார். ஐந்து வருடக் காத்திருப்பு இல்லை, பாக்கிக் கணக்கு இல்லை. ஓட்டுப் போட்டவர் பெயர் டொனால்ட் டிரம்ப்.