'எங்க லிமிட் இல்லீங்க' அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சாலை மட்டத்துக்கு இரண்டடி கீழே வசிப்பவன்,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
'அது எங்க லிமிட்ல வராதுங்க' அலுவலகம்,
(எல்லா ஊர்களிலும் கிளைகள் உண்டு).

பொருள்: காணாமற்போன ஐந்து படிகள், ஓர் ஏரி, ஒரு திண்ணை, ஓர் எதிர்வீட்டுக்காரர் – கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் நேரில் வந்தது. 2. மறுபடியும் வந்தது. 3. 'சாப்பாட்டு நேரம், மூணு மணிக்கு மேல வாங்க' என்று தங்கள் அலுவலகம் வாய்மொழியாகத் தெரிவித்தது.

ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் அலுவலகத்தின் சரியான பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். எங்கள் வாசலில் இருக்கும் இரும்பு மூடியின் ஓரத்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்கத் தொடங்கிய அன்று, விவரம் தெரியாமல் வேறோர் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்த தம்பி என் கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது மழைநீர் வடிகால். நாங்க கழிவுநீர்" என்றார்.

"இதுல வர்றது கழிவுநீர்தானே தம்பி?"

"வர்றது கழிவுநீர்தான் சார். ஆனா அது வர்ற இடம் மழைநீர். எங்க லிமிட்ல வராது."

அடுத்த அலுவலகத்தில் இடத்தை ஒப்புக்கொண்டார்கள், தண்ணீரை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது அலுவலகத்தில், தண்ணீர் ரோட்டுக்கு ஏறிவிட்டதா என்று விசாரித்தார்கள். ஏறிவிட்டது என்றேன். "அப்ப ரோட்டுக்காரங்களைப் பாருங்க" என்றார்கள். ரோட்டுக்காரர்களோ, தண்ணீர் வடிந்தால்தான் ரோடு கண்ணுக்குத் தெரியும், தெரிந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். வாசலில் நாலு பெயர்ப்பலகை, உள்ளே ஒரே பதில். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நாலும் கிளைகள், தலைமை அலுவலகம் தாங்கள்தான். மறுநாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று கைபேசியில் செய்தி வந்தது. வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் அதைப் படித்தேன்.

அந்த நன்றியுணர்வோடு, மற்ற விஷயங்களையும் தங்கள் சமூகத்துக்கே நேரடியாகக் கொண்டுவருகிறேன்.

முதலில் படிகள். 1954இல் என் தாத்தா இந்த வீட்டைக் கட்டியபோது, தெருவிலிருந்து ஐந்து படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். முதல் படி அப்பாவின் கல்யாணத்துக்கு முன்பே தாருக்குள் போய்விட்டது. இரண்டாவதை நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் இழந்தோம். மூன்றாவதும் நாலாவதும் அடுத்தடுத்த தேர்தல்களை ஒட்டிப் போயின. ஐந்தாவது போன பிறகு தெருவும் திண்ணையும் ஒரே மட்டமாகி, கொஞ்ச காலம் சமத்துவம் நிலவியது. இப்போது தெருவிலிருந்து மூன்று படி இறங்கி வீட்டுக்குள் வருகிறோம். ஒரு குடும்பம் இப்படி இறங்கினால் ஊரில் சீட்டாட்டம், குடி, ஜாமீன் கையெழுத்து என்று காரணம் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் காரணம் ஜல்லி.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போய்விடக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தெளிவாகவே அறிவுறுத்தினார். அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்து, எங்கள் தெருவில் ரோடு போட வந்த மேஸ்திரியிடம் காட்டினேன். மரியாதையாகப் படித்தார். "சுரண்டுற மிஷின் மெயின் ரோட்டுக்குத்தான் சார் வரும். இந்தச் சந்துக்குள்ள திரும்பாது" என்றார். தார் லாரி மட்டும் எப்படித் திரும்பியது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வீடு தள்ளி இருப்பவர் வேறு வழி கண்டார். பஞ்சரான காரைத் தூக்குவதுபோல, அஸ்திவாரத்தின் அடியில் வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து வீட்டையே தூக்கிவிட்டார். ஆட்கள் ஒரே நேரத்தில் திருகத் திருக, சமையலறை, பூஜையறை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து நாலடி எழுந்தன. இப்போது அவருக்கும் ரோட்டுக்கும் போட்டி. யார் ஜெயிப்பார் என்பது இன்னும் இரண்டு தேர்தலில் தெரிந்துவிடும்.

வருங்கால ஆய்வாளர்களுக்குத் தாங்கள் செய்துவரும் உதவியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாளைக்கு எங்கள் தெருவைத் தோண்டுகிறவர் காலத்தைக் கணிக்கத் திண்டாட வேண்டியதே இல்லை. தார், ஜல்லி, பால் பாக்கெட், மறுபடி தார். அடுக்குக்கு ஒரு தேர்தல் என்று எண்ணிக்கொண்டு போகலாம். கீழடியில் உறைகிணறுகளும் சுடுமண் குழாய்களும் கிடைத்தன. 2,600 வருடங்களுக்கு முன்பே நகரம் கட்டத் தெரிந்த இனம் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். அந்தக் குழாயில் போனது மழைநீரா கழிவுநீரா என்று அங்கே யாரும் கோப்பு சுற்றியதற்கு மட்டும் தடயம் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது ஏரி. எங்கள் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அந்தப் பெயரில் இன்று மிஞ்சியிருப்பது ரோடு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் உண்டு, லேக் ஏரியாவும் உண்டு. "ஏரியா?" என்று கேட்டால், "ஆமாங்க, ஏரியா" என்பார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். 1920களில் அதன் மாம்பலம் பகுதியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். தண்ணீருக்கு மட்டும் யாரும் முகவரி மாற்றித் தரவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறது. புடவைக்கடை வாசல்வரை வந்து நிற்பதை நாம் வெள்ளம் என்கிறோம்.

மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கல்லில் தேர், மண்டபத்தில் 1330 குறளும் கல்வெட்டு. எனக்கும் பெருமைதான். கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு, வேறு எதைப் பற்றியும் பேசாமல் மழையைப் பற்றி ஓர் அதிகாரம் பாடியவர் அவர். அவரை உட்காரவைக்க நமக்கு வசதியாகக் கிடைத்தது ஓர் ஏரி.

இதில் தங்கள் நிர்வாக ஒழுங்கையும் கவனித்தேன். 2015இல் வெள்ளம். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வரும் அளவுக்கு வறட்சி. 2023இல் மறுபடி வெள்ளம். ஒலிம்பிக் பந்தயம்கூட ஒரு முறை தள்ளிப்போனது, இது பிசகவில்லை. கணக்குப்படி 2027 வறட்சி முறை என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்தினால் பிளாஸ்டிக் குடங்களை இப்போதே வாங்கி வைப்பேன்.

அடுத்து, சுவர்கள். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிய இடத்துக்கு நேர் கீழேதான் ஈரம் இருக்கும். எழுத்தறிவு கூடினால் நாகரிகம் கூடும் என்று நம்பியிருந்த தலைமுறை என்னுடையது. சுவர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், எழுத்தை நம்பாமல் தெய்வத்தை நம்பினார்கள். இப்போது பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று வரிசையாக டைல்ஸ் பதிக்கிறார்கள். உலகத்தைக் காக்கச் சொல்லி நாம் வேண்டிக்கொண்டவர்களுக்கு ஆறடிச் சுவரைக் காக்கும் வேலை. ஷிஃப்ட் கிடையாது, மாற்று ஆள் கிடையாது. மூன்று மதமும் அடுத்தடுத்து இருந்தும் தகராறு வராத இடமாக எங்கள் பேட்டையில் நான் பார்த்தது அந்தச் சுவரைத்தான். அதற்காகவாவது நாம் இந்த அசிங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

தெய்வம் இல்லாத இடங்களில் ஃப்ளெக்ஸ் இருக்கும். பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959லேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அதன் பிறகுதான் காதணி விழாவுக்குக் கூலிங் கிளாஸ் போட்ட குழந்தை, மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சிங்கத்தோடு நிற்கும் தாய்மாமன், இவர்களுக்கெல்லாம் மேலே ஆசி வழங்கும் தலைவர்கள் என்று நம் கலை முப்பதடி உயரத்துக்கு வளர்ந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை பக்கம் ஒரு கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது. இந்த இடத்தில் எனக்குப் பகடி வரவில்லை, மன்னிக்கவும். பேனரே வேண்டாம் என்று அப்போது கட்சிகள் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டன. தொண்டர்கள் அந்த வருத்தத்தை எத்தனை நாள் காத்தார்கள் என்பதற்குத் தெருமுனையே சாட்சி.

நூலகத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தவர்கள் நாம். இன்றைக்கும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். நான் போய்வந்த ஒரு கிளை நூலகத்துக்குள் 2015இல் தண்ணீர் புகுந்தது. நனைந்தவை கீழ்த்தட்டில் இருந்த கவிதைகளும் நாவல்களும். போட்டித் தேர்வு வழிகாட்டிகள் மேல்தட்டில் பத்திரமாக இருந்தன. எது போனால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்பது தண்ணீருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நானும் போய்க் கேட்கவில்லை.

கடைசியாக, திண்ணை. இதுதான் விண்ணப்பத்தின் முக்கியமான பகுதி. இதுவரை படித்திருந்தால் இதையும் படித்துவிடவும்.

அப்பா காலத்தில் எங்கள் திண்ணையில் அவரும் எதிர்வீட்டுத் திண்ணையில் அந்த வீட்டுப் பெரியவரும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருபதடித் தெருவை வைத்துக்கொண்டே சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று சண்டை போடுவார்கள். காய்கறி வண்டிக்காரர் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வார். அரிசி விலை, யார் வீட்டில் காய்ச்சல், எந்தப் பையன் பெயில் என்று தெருவின் அத்தனை செய்தியும் அந்த இருபதடியைத்தான் கடந்து போகும். ரோடு ஏற ஏற, நடுவில் ஒரு கரை எழும்பிவிட்டது. ஏரி போன ஊருக்குக் கரை மட்டும் வந்து சேர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீடு தெரியாது, டயர்கள் தெரியும். பிறகு புழுதிக்காக ஒரு கிரில், திருட்டுக்காக ஒரு பூட்டு, கோலம் போட ஆளில்லாமல் ஒரு ஸ்டிக்கர் கோலம். உள்ளே டி.வி. இருந்தது, அப்புறம் கைபேசி வந்தது. எதிர்வீட்டுப் பெரியவரின் மகனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கடைசிப் பத்து வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் "தண்ணி வந்துச்சா?", "இன்னும் இல்ல" என்பதுதான்.

போன மாதம் தெருமுனையில் திரும்பும்போது, எதிரே வரும் வண்டியே தெரியாதபடி ஒரு பேனர் மறைத்துக்கொண்டிருந்தது. பேனர் வைத்தவனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். அவர் தோளில் வேறு யாருடைய கையோ வெட்டுப்பட்டுக் கிடந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. தேதியைப் பார்த்தேன். மூன்று நாளாகியிருந்தது.

மூன்று நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். முதல் நாள் காலையில் வெளியே ஏதோ சத்தம் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே என்று ஜன்னலைச் சாத்தினேன். அதாவது, எங்க லிமிட்ல வரவில்லை.

ஆகவே தங்கள் அலுவலகத்தின் கிளை ஒன்று என் வீட்டிலும் இயங்கிவருவதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். குப்பையைக் கவரில் கட்டி, கேட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி வைக்கும் பிரிவு. பக்கத்துக் காலி மனையைப் பார்த்தும் பார்க்காத பிரிவு. இப்போது துக்கப் பிரிவும் சேர்ந்துவிட்டது. அனுமதி பெறாமல் இத்தனை வருடம் நடத்தியதற்கு அபராதம் உண்டா என்று தெரியப்படுத்தவும்.

எனவே, சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து,

1. எங்கள் வாசலில் பொங்குவது எந்தத் துறையின் தண்ணீர் என்பதை, அது வற்றுவதற்குள் முடிவுசெய்யவும்.

2. அடுத்த முறை ரோடு போட வரும்போது, அந்தச் சுரண்டும் மிஷினைச் சந்துக்குள் திருப்பக்கூடிய ஓட்டுநர் ஒருவரை அனுப்பவும்.

3. அப்படிச் சுரண்டும்போது கொஞ்சம் பார்த்துச் சுரண்டச் சொல்லவும். தாத்தா கட்டிய ஐந்து படி கீழே இருக்கிறது. ஒன்றிரண்டாவது வெளியே தெரிந்தால், திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்க்க முடிகிறதா என்று பார்ப்பேன். அங்கே இப்போது அந்த வீட்டு அம்மாள் மட்டும் தனியாக இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளைப் பொறுப்பாளர்.

இணைப்பு: படிகள் – 5. (தார் அடியில் இருப்பதால் இத்துடன் அனுப்ப இயலவில்லை.)