ஆயிரம் ரூபாய் மொழிபெயர்ப்பு

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமா, இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் பத்து நாள் வாடகைக் காரைத் தானே ஓட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஆல்ப்ஸ் மலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். மீதி முழுக்க விதிகள்.

"ரவுண்டானாக்குள்ள வண்டி சுத்திண்டிருந்தா நாம வெளியில நிக்கணும். நின்னேன். ஜீப்ரா கோட்டுல ஒரு கிழவி காலை வச்சா. பிரேக்கைப் போட்டேன். பத்து நாள்ல ஒருதடவை ஹாரன் அடிக்கலை, தெரியுமோ?" காசியில் கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்தவரைப் போல ஒரு பெருமிதம்.

கத்தரிக்காயாவது ஆயுசுக்கும் விட்டது. மறுநாள் காலை அக்ரஹாரம் சர்க்கிளில் மாமாவின் கார் தியாகராஜா ரோட்டிலிருந்து ஹாரனை அலறவிட்டபடி உள்ளே புகுந்தது. காய்கறிப் பையோடு பாதி தூரம் வந்துவிட்ட பாட்டி ஒருத்தி, வந்த வழியே திரும்பி ஓடினாள். ஏறி நிற்க நடைபாதை இல்லை; அங்கே பைக்குகள் நின்றிருந்தன. ரவுண்டானாவுக்குள் இருக்கும் வண்டிக்கே முதல் உரிமை என்பது நம் நாட்டு விதியும்தான். மாமாவுக்கு அது இத்தாலிய விதி.

வெளிநாட்டில் யோக்கியன், உள்ளூரில் காட்டான் என்ற பழைய புலம்பலை நான் பாடப்போவதில்லை. மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று ஐரோப்பாவை நம்பவைத்த அந்தத் தாள்தான் என் வயிற்றெரிச்சல்.

அதற்கு 'இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்' என்று பெயர். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் பேரில் தரப்படுவது. படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டுக்குச் செல்லும். இதற்கென்று தனியாகச் சோதனை எதுவும் கிடையாது. உள்ளூர் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு அது, அவ்வளவே. 2022இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரே வடிவமாக்கி, கியூ.ஆர். கோடும் ஒட்டிவிட்டது. ஆக, மொழிபெயர்ப்பில் குறையில்லை. மூலம்?

மாமாவே ஒளிக்காமல் சொல்வார்: "எட்டாவது போடறதாவது! ஏஜென்ட் கையில பணம் குடுத்தேன், போட்டோவுக்கு மூஞ்சியக் காட்டினேன்." எந்த ஊர் அலுவலகம் என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களுடையது எங்கே, எப்படி வந்தது என்று நானும் கேட்கவில்லை. டெல்லியில் லைசென்ஸுக்குப் போன 822 பேரைப் பொருளாதார அறிஞர்கள் பின்தொடர்ந்து, 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களில் ஏறக்குறைய 71 சதவீதத்தினர் சோதனைக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தாங்களே ஓட்டவைத்துப் பார்த்தபோது 62 சதவீதத்தினருக்கு ஓட்டத் தகுதியில்லை. அப்புறம் வந்த சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, நாட்டிலுள்ள லைசென்ஸ்களில் 30 சதவீதம் போலி என்று மேடையிலேயே சொன்னார். துறைக்கு அமைச்சர் யார் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இந்த மூலத்தைத்தான் அரசு முத்திரை குத்தி, மொழிபெயர்த்து, உலகத்தின் கையில் கொடுக்கிறது. மிலானில் அதைக் கையில் வாங்கிய கவுன்டர் பெண், பாவம், ஒரு தேசத்தின் வார்த்தையை நம்பிச் சாவியை நீட்டினாள். வலப்பக்கம் ஓட்ட வேண்டிய சாலை, இடப்பக்கம் ஸ்டியரிங். முதல் திருப்பத்தில் மாமா மாருதி ஞாபகத்தில் இண்டிகேட்டரைத் தட்ட, வெயிலில் வைப்பர் ஆடியது. இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எதிரே வந்தவன் சிரித்திருக்க மாட்டான்.

இருந்தும் பத்து நாள் ஒழுங்காக ஓட்டினாரே, எப்படி? கிரெடிட் கார்டில் 2,000 யூரோவை முடக்கி வைத்துக்கொண்டுதான் சாவியைத் தந்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய். ஒரு கீறல் விழுந்தாலும் அதில் கழிப்பார்கள். பழைய நகரங்களில் தடைசெய்த தெருவுக்குள் தெரியாமல் நுழைந்தாலும் கேமரா பிடிக்கும். பல மாதம் கழித்து, அக்ரஹாரத்துக்கே அபராதம் தேடி வரும். மாமா காரின் நான்கு பக்கமும் படம் எடுத்தார். பதினாலு பக்க ஒப்பந்தத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்.

இரண்டு லட்சம் என்றதும் எனக்கு இன்னொரு இரண்டு லட்சம் நினைவுக்கு வந்தது. இங்கே ஒருவன் இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டால், செத்தவர் குடும்பத்துக்கு அரசு தரும் இழப்பீடு அதே தொகைதான். அதுவும் 2022 ஏப்ரலில்தான் அந்த உயரத்தை எட்டியது. அதற்கு முன் 25,000. அங்கே பம்பருக்குப் பிணை, இங்கே பாட்டிக்கு விலை. அந்த 2022இல் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். இடித்தவர்களில் எத்தனை பேர் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள் என்று எந்த அமைச்சகமாவது கணக்கு வெளியிடட்டும், ஆயிரம் ரூபாய் நான் கட்டுகிறேன், மொழிபெயர்த்தும் கொடுக்கட்டும்.

நேற்று மாலை மாமா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, பையனுக்கு அடுத்த மாசம் பதினெட்டு முடியறது. நல்ல ஏஜென்ட் யாராவது தெரியுமோ?"

"எதுக்கு மாமா, அடுத்த தடவை ஐரோப்பாவுல அவன் ஓட்டப்போறானா?"

"ராம ராமா! அங்க இருபத்தொண்ணு ஆகாதவாளுக்கு வாடகைக் கார் கிடைக்கறது குதிரைக்கொம்பு. பொறுப்பு வரணுமோன்னோ?" என்றவர், தெருவைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அதுவரைக்கும் இங்க ஓட்டிப் பழகட்டும்."