கணக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: கோடிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு சீசன் முழுக்கச் சொதப்பும் பேஸ்பால் அதிரடி வீரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன?

பதில்: முதலில் கையெழுத்துப் போட்ட முதலாளியிடம் கணக்குக் கேளுங்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கிறிஸ் டேவிஸ் 2015-இல் 47 ஹோம் ரன் அடித்தார். அதே ஆண்டில் 208 முறை ஸ்ட்ரைக் அவுட்டும் ஆனார். அபாயம் பட்டப்பகலில் தெரிந்தது. ஆனாலும் முப்பதை நெருங்கிய அவருக்கு 2016-இல் 7 ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் எழுதிக்கொடுத்தார்கள். 2018-இல் அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .168. அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கி மறு ஆண்டுவரை தொடர்ந்து 54 பேட்டிங் வாய்ப்புகளில் ஹிட்டே இல்லை. அரை நொடிக்குள் வந்துசேரும் பந்துக்கு, வயது ஏற ஏற கண்ணும் கையும் ஈடுகொடுப்பது கடினம் என்பது அணி நிர்வாகத்துக்குத் தெரியாததல்ல.

வாங்கிய காசுக்கு விளையாட வேண்டாமா என்பீர்கள். வேண்டும், பயிற்சிக்கு வராமல் ஏய்த்தால் தாராளமாகத் திட்டலாம். ஆனால் வீரர் விற்பது உழைப்பை. வெற்றிக்கு உத்தரவாதம் தர எவராலும் முடியாது. 2013-இல் 53 ஹோம் ரன் அடித்தபோது டேவிஸின் சம்பளம் சுமார் 33 லட்சம் டாலர்தான். அன்றைக்கு லாபத்தில் பங்கு கொடுக்காதவர்களுக்கு, நஷ்டத்தில் மட்டும் பங்கு கேட்க என்ன உரிமை?