நாய்க்கு அப்பா, நமக்கு ரூம்மேட்

பெருங்குடியிலிருந்து நாவலூர் வரை ஓ.எம்.ஆர். ஓரத்தில் நாலு பேர் சேர்ந்து வாடகை கட்டும் ஃபிளாட்டுகளில் பல ரகங்கள் உண்டு. ஷாம்பு வாங்காமலே தினமும் தலைக்குக் குளிப்பவர், ஃப்ரிட்ஜில் வைத்த முட்டையில் தன் பெயரை எழுதுபவர், சிலிண்டர் தீர்கிற வாரம் பார்த்து ஊருக்குப் போய்விடுபவர். இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்தில் ஆன்சைட் கிடைத்துப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தவர் வேறு ஜாதகம். வெள்ளிக்கிழமை ராத்திரி கையில் அட்டைப் பெட்டியோடு வந்து, வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து, “ஷ்ஷ்... தூங்குறான்” என்பார். எட்டிப் பார்த்தால் உள்ளே நாய்க்குட்டி. அந்த நிமிஷத்திலிருந்து அவர் நாய் அப்பா.

நம்மிடம் கேட்காமல் வாங்கினார் என்று சொல்லிவிட முடியாது. என்றைக்கோ பரோட்டாக் கடையில் பொதுவாக ஏதோ கேட்டார், நாமும் வாய் நிறைய வைத்துக்கொண்டு “ம்” என்றோம். அந்த “ம்” அவர் நினைவில் கல்வெட்டாக இருக்கிறது.

பெட்டி திறந்த பத்தாவது நிமிஷம் பதவிப் பிரமாணம் நடக்கும். “சிம்பா, இங்க பாரு, இது பெரியப்பா. இது சித்தப்பா. இது மாமா.” கவனியுங்கள், குட்டியின் அம்மா யார், எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. தாய்மாமன் மட்டும் ரெடி. தமிழ்நாட்டில் உறவுமுறை சொல்லிவிட்டால் பிறகு மறுப்பதற்கு வழியில்லை. ரூம்மேட்டிடம் போய் “உன் நாய் மூத்திரத்தை நான் ஏன் துடைக்கணும்?” என்று கேட்கலாம். சித்தப்பா அப்படிக் கேட்க முடியுமா? ஊர் என்ன சொல்லும்?

மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். எக்செல்லில் போட்டு, ஆபீஸ் பிரிண்டரில் கலரில் எடுத்தது. காலை வாக்கிங்: பெரியப்பா. சாப்பாடு, தண்ணீர், பகல் முழுக்க மேற்பார்வை: சித்தப்பா. இரவு வாக்கிங், பால்கனி கழுவுதல்: மாமா. நாய் அப்பா பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், “ட்ரெயினிங் அண்ட் கோஆர்டினேஷன்”. கீழே சிவப்பு எழுத்தில்: வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கொடுக்கவே கூடாது. இது உண்மையிலேயே சரியான எச்சரிக்கை, நாய்க்கு இவை விஷம். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்து ஒட்டிய பிறகு குட்டி ஒரு தடவை ஏப்பம் விட்டாலும் சித்தப்பா மேல் விசாரணைக் கமிஷன்.

சித்தப்பா பதவி யாருக்குப் போகும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்குத்தான். “நீ வீட்லதானடா இருக்க” என்ற ஒரே வாக்கியத்தில் அவர் தலையெழுத்து முடிந்தது. மூன்று மாதக் குட்டியால் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிப் போக வேண்டும். போக வேண்டிய இடத்தில் போனால் அந்தக் கணமே பாராட்ட வேண்டும். இதெல்லாம் நாய் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் கேப் ஏறினால் ராத்திரி எட்டுக்குத்தான் இறங்குவார். நடுவில் கிளையன்ட்டிடம் “எஸ், ஐ கேன் சீ யுவர் ஸ்க்ரீன்” என்று சொல்லிக்கொண்டே இடது கையில் துணியோடு தரையில் தவழ்பவர் சித்தப்பா. டெக்சாஸில் இருக்கும் கிளையன்ட் மீட்டிங் தொடங்கும்போதே “ஹவ் இஸ் சிம்பா?” என்று கேட்கும் நிலைக்கு வந்தாயிற்று. சித்தப்பாவின் அப்ரைசல் பற்றி அவர் கேட்டதில்லை.

ராத்திரி வந்ததும் நாய் அப்பா சோபாவுக்கு அடியில் மோந்து பார்ப்பார். “பினாயில் போட்டீங்களா? நம்ம மூக்குக்குத்தான் வாசனை போகும், அவனுக்குப் போகாது. என்சைம் கிளீனர் வாங்கணும்னு சொன்னேன்ல?” சொன்னார்தான். வாங்குகிற வேலை கோஆர்டினேஷனில் வராது.

இனத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே. சைபீரியன் ஹஸ்கி. பேரிலேயே சைபீரியா இருக்கிறது. அப்படியும் சென்னைக்கு வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் ஒரு சரித்திரம் சொல்லுவார்: 1925-ல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் டிப்தீரியா பரவியபோது, பனியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மருந்தை ஸ்லெட்ஜில் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவை இந்த நாய்கள்தாம். டோகோ, பால்டோ என்று பெயரெல்லாம் சொல்லுவார். உண்மைதான். அந்த வம்சத்தில் வந்தது இங்கே மேற்குப் பார்த்த பால்கனியில், சித்திரை வெயிலில், பெரியப்பாவின் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

பெரியப்பாவுக்கு ராஜபாளையம் பக்கம். “ஏம்ப்பா, எங்க ஊர்லயே நாய் இல்லையா? 2005-லயே ஸ்டாம்ப் போட்டு கவுரவிச்ச நாய். வெயில்லயே பொறந்து வெயில்லயே ஓடும்” என்று முதல் நாளே கேட்டார். “அதோட லுக் வேற பெரியப்பா, இவன் கண்ணப் பாருங்க, நீலம்” என்று பதில் வந்தது. அந்த நீலக் கண்ணுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஏ.சி. ஈ.பி. கார்டில் முதல் நூறு யூனிட் இலவசம் என்கிற சந்தோஷத்தில் இதுவரை வாழ்ந்த வீடு அது. ஐந்நூறைத் தாண்டினால் கணக்கே வேறு என்பதை அந்த இரண்டு மாதப் பில்லில்தான் கண்டார்கள். நாலாகப் பிரித்தபோது, மின்விசிறியில் மட்டுமே தூங்கும் மாமா, “நாயையும் ஒரு ஆளாச் சேர்த்து அஞ்சாப் பிரிங்க, அதோட பங்க அப்பன் குடுக்கட்டும்” என்றார். கணித ரீதியாக இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நாய் அப்பா கண் கலங்கிவிட்டார். “குழந்தையக் கணக்குப் பாக்குறீங்களேடா!”

இனி ட்ரெயினிங். அவர் கற்றதெல்லாம் யூடியூப்பில், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சாரம் ஒன்றே: “வீட்டுல நான்தான் ஆல்ஃபா.” ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தவன்தான் தலைவன், நாய்க்கும் அதே கதை என்கிற இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியதில், டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அவரே காட்டில் ஓநாய்களோடு வருஷக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டு, அது சண்டைக் கூட்டமில்லையப்பா, அப்பா அம்மா பிள்ளைகள் இருக்கிற குடும்பம், அடைத்துப் போட்ட ஓநாய்களை வைத்துச் சொன்னது காட்டுக்குப் பொருந்தாது என்று 1999-ல் எழுதிவிட்டார். பழைய புத்தகத்தை இனி அச்சடிக்காதீர்கள் என்று பதிப்பகத்தாரிடமும் கேட்டுப் பார்த்தார். எழுதினவரே கைகழுவியதை நாய் அப்பா இன்னும் விடவில்லை. குட்டிக்கு முன்னால் தான் சாப்பிட வேண்டும், கதவில் தான் முதலில் நுழைய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார். ஹவுஸ் ஓனர் படியேறி வரும் சத்தம் கேட்டால் மட்டும் ஆல்ஃபா பாத்ரூமில் நுழைந்து தாழ் போட்டுக்கொள்ளும்.

ஒருநாள் சிக்கினார். “நாய் இருக்குன்னு சொல்லவே இல்லையேப்பா?” என்று ஓனர் கேட்க, “சார், நாய் இல்ல சார், ஹஸ்கி” என்றார். ஓனர் ஒரு கணம் யோசித்தார். “எதுவா இருந்தாலும் மொட்டை மாடில வத்தல் காயுது” என்றார். உடனே நாய் அப்பா போனை எடுத்து, குடியிருப்போர் சங்கங்கள் செல்லப் பிராணி வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லியிருப்பதைக் காட்டினார். “சங்கம் சொல்லலப்பா, நான் சொல்றேன்” என்று ஓனர் இறங்கிப் போய்விட்டார். மேற்கொண்டு நடந்த சமரசப் பேச்சு முழுக்கப் பெரியப்பாவுடையது. வத்தல் காவல் அட்டவணையில் சேர்ந்தது.

ஓனருக்கு நாயைவிடப் பெரிய பிரச்சினை அதன் குரல். ஹஸ்கி அதிகம் குரைக்காது, ஊளையிடும். அதுவும் நம்மவர்கள் குரல்வளை எட்டிப் பிடிக்க முடியாத ராகத்தில், பின்னிரவு மூன்று மணிக்கு. கீழ் வீட்டில் ஓனரின் அம்மா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். நாய் ஊளையிட்டால் எமன் தெருவில் நிற்கிறான் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை. ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து உட்கார்ந்து, விபூதி பூசிக்கொண்டு, விடிந்ததும் மகனை எழுப்பி நகை எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாய் அப்பா சமாதானம் பேசப் போனார். “பயப்படாதீங்க பாட்டி, அவன் பாடுறான்.”

“பாடட்டும். எனக்கா பாடுறான்?”

இந்த நேரத்தில்தான், மாடிப்படியில் நின்று போனில் யாரிடமோ, “பாட்டி ட்ரெயினிங்தான் மச்சான் ரொம்பக் கஷ்டமா இருக்கு, சொன்ன இடத்துல போக மாட்டேங்குது” என்று நாய் அப்பா பேசினார். ஓனர் காதில் விழுந்தது. யாருடைய பாட்டி என்று விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

குட்டிக்குப் பால்பற்கள் இருபத்தெட்டு. மூணு நாலு மாதத்தில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் நாற்பத்திரண்டு நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு ஊறும், எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். இது இயற்கை. ஆனால் ஜோடியில் ஒன்றை மட்டும் கடிப்பது ஏன் என்பதற்கு எந்த வீடியோவிலும் விடையில்லை. மாமாவின் இன்டர்வியூ ஷூவில் இடது கால் போயிற்று. “கடிக்கக் கொடுக்காம எட்டற எடத்துல வச்சது உங்க தப்பு மாமா” என்று தீர்ப்பு வந்தது.

சிம்பாவுக்கு இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கு உண்டு, அதை நடத்துவது மட்டும் நாய் அப்பா யாரிடமும் விடாத வேலை. ரீல்ஸில் எல்லாம் அவரும் குட்டியும். தட்டை நீட்டும் சித்தப்பாவின் கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை “மை பாய் லேர்ன்ஸ் சிட்” என்று ரீல் எடுக்க ஏற்பாடு. ஜன்னல் திரையெல்லாம் மாற்றி, குட்டிக்கு பவ் டை கட்டி, கேமராவை மாமா கையில் கொடுத்து, குரலைக் கட்டையாக்கி “சிட்!” என்றார். குட்டி அவரைப் பார்த்தது. “சிம்பா, சிட்!” கொட்டாவி விட்டது. “சிட் டவுன்! நோ! சிம்பா, பேபி, சிட்!” குட்டி எழுந்து போய் பவ் டையைச் சோபாவில் தேய்த்தது. நாய் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. சமையலறையிலிருந்து சமையல் அக்கா, கையில் சப்பாத்திக் கட்டையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் “தோ... குந்து” என்றார். குட்டி பட்டென்று குந்தியது. காதை விடைத்து, முதுகை நிமிர்த்தி, நோம் ஊருக்கு மருந்து கொண்டுபோன கம்பீரத்தோடு.

அக்கா ஒரு வீடியோவும் பார்த்ததில்லை. தினம் காலையில் மாவு பிசையும்போது ஒரே வார்த்தை சொல்லுவார், குந்தினால் அந்த நொடியே சப்பாத்தித் துணுக்கு, குந்தாவிட்டால் ஒன்றுமில்லை. திட்டு கிடையாது, ஆல்ஃபா கிடையாது. வீட்டில் மற்றவர்கள் ஒருத்தர் “சிட்”, ஒருத்தர் “உக்காரு”, ஒருத்தர் “டேய் உட்காருடா” என்று ஆளுக்கொன்று சொல்லி, அது உட்காருவதற்குள் பிஸ்கட்டையும் கொடுத்துவிடுவார்கள். மேலே தாவினால் பிஸ்கட் கிடைக்கும் என்று குட்டி அழகாகக் கற்றுக்கொண்டது. அந்தக் காட்சியின் ஆடியோவை அணைத்துப் பாட்டுப் போட்டு நாய் அப்பா ரீலை ஏற்றினார். நல்ல லைக்ஸ் வந்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை.

கடைசியாக மாநகராட்சி உரிமம். சென்னையில் நாய் வளர்த்தால் உரிமம் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று அவசியம். அதற்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தவர் யார் என்று நீங்களே ஊகிக்கலாம். “ஊசி போடுறத என்னால பாக்க முடியாது மச்சான், அவன் அழுதா நானும் அழுதுருவேன்” என்று சொன்னவர் அலுவலகத்தில் இருந்தார். விண்ணப்பத்தில் முகவரிச் சான்று கேட்டார்கள். நாய் அப்பாவின் ஆதார் கும்பகோணத்தில். பெரியப்பாவுடையது ராஜபாளையத்தில், மாமாவுடையது ஈரோட்டில். வாடகை ஒப்பந்தம் சித்தப்பா பெயரில் இருந்தது. “ஒரு ஃபார்மாலிட்டிதானடா” என்றார் நாய் அப்பா. சித்தப்பா கையெழுத்துப் போட்டார். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் அச்சாகி வந்தது அவர் பெயர்.

மூன்று வாரத்தில் நாய் அப்பாவுக்கு பெங்களூருவில் வேலை கிடைத்தது. அங்கே பி.ஜி.யில் நாய்க்கு அனுமதியில்லையாம். கட்டிப்பிடித்து அழுதார், குட்டியை. “மாசா மாசம் வந்து பாப்பேன். சாயங்காலம் வீடியோ கால் போட்டுக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு, பெட்டியும் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டுமாக பஸ் ஏறினார்.

ஆகவே, புதிதாக வீடு பார்க்கப் போகும் தம்பி தங்கைகளே, கூட இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, வாடகை ஒப்பந்தத்தை நாலு பேர் பெயரிலும் போடுங்கள்.